முடி கொட்டினால் மூன்று மாதம் பின்னோக்கிப் பாருங்கள்

குளித்து முடித்ததும் குளியலறைச் சல்லடையில் சுருண்டு கிடக்கும் முடியைக் கண்டு பதறாதவர்கள் குறைவு. அந்தப் பதற்றத்தில் பெரும்பாலோர் முதலில் செய்வது புதிதாக ஓர் எண்ணெய் வாங்குவதுதான். நானும் அதைத்தான் செய்தேன். சில ஆண்டுகளுக்கு முன் எனக்கு டெங்குக் காய்ச்சல் வந்து குணமானது. உடம்பு தேறி, வேலைக்குத் திரும்பி, காய்ச்சலையே மறந்துவிட்ட நேரத்தில், ஏறத்தாழ இரண்டரை மாதம் கழித்து, சீப்பை வைத்தால் கொத்துக் கொத்தாக முடி வரத் தொடங்கியது. கடையில் வாங்கியது ஒன்று, சித்தி சொன்னது ஒன்று, நாட்டு மருந்துக் கடையில் காய்ச்சிக் கொடுத்தது ஒன்று என மூன்று எண்ணெய்களை மாற்றினேன். மூன்றாவதைத் தேய்க்கத் தொடங்கிய சில வாரங்களில் கொட்டுவது நின்றுவிட்டது. அந்த எண்ணெயைப் பத்துப் பேருக்காவது பரிந்துரைத்திருப்பேன். அந்த உதிர்வு, எந்த எண்ணெயும் தேய்க்காமல் இருந்திருந்தாலும் ஏறத்தாழ அதே மாதத்தில் நின்றிருக்கும் என்பது எனக்குப் பின்னாளில்தான் தெரிந்தது.

முடி உதிர்வை இப்போதுதான் எதிர்கொள்ளத் தொடங்கியிருப்பவர்கள், மருத்துவரிடம் போகும் முன் எவற்றைக் கவனித்துக்கொள்ள வேண்டும், அவர் எழுதித் தரும் மருந்திடம் எதை, எவ்வளவு காலத்தில் எதிர்பார்க்கலாம் என்பதைப் படிப்படியாகச் சொல்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

முடியின் கணக்கு

நம் தலையில் சுமார் 1 லட்சம் முடிகள் உள்ளன. ஒவ்வொரு மயிர்க்காலுக்கும் தனித்தனியாக ஒரு சுழற்சி உண்டு: முடி 2 முதல் 6 ஆண்டுகள் வரை, மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வீதம் வளர்கிறது, பிறகு இரண்டு மூன்று வாரங்களில் வளர்ச்சி அடங்குகிறது, அதன்பின் ஏறத்தாழ 3 மாதங்கள் வளராமல் அப்படியே தங்கியிருந்து, கடைசியில் உதிர்ந்து புது முடிக்கு இடம் விடுகிறது. எந்த நாளிலும் நூற்றில் ஏறத்தாழப் பத்து முடி இந்த ஓய்வு நிலையில் இருப்பதால், நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பே. வெள்ளிக்கிழமைதோறும் மட்டும் தலைக்குக் குளிப்பவருக்கு அந்த வாரத்துக் கணக்கில் பெரும்பகுதி ஒரே நாளில் கண்ணில் படும் என்பதால், சல்லடையில் கிடப்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்துவிட முடியாது.

இங்கே நினைவில் வைக்க வேண்டியது அந்த 3 மாத ஓய்வைத்தான். உடலுக்குப் பெரிய அதிர்ச்சி ஒன்று நேரும்போது, வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் ஒரு பெரும்பங்கு ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடுகிறது. ஆனால் அவை அன்றே உதிர்வதில்லை. இரண்டு மூன்று மாதங்கள் கழித்து, காரணம் மறந்துபோன பிறகுதான், மொத்தமாக உதிர்கின்றன. அதனால்தான் நாம் நேற்று மாற்றிய ஷாம்புவையும், போன வாரம் குடிவந்த வீட்டின் ஆழ்துளைக் கிணற்று நீரையும் குற்றம் சொல்கிறோம்.

முதல் படி: பின்னோக்கி எண்ணுவது

உதிர்வு அதிகமானதாக உணர்ந்த நாளைக் குறித்துக்கொண்டு, அதிலிருந்து இரண்டு முதல் நான்கு மாதங்கள் பின்னோக்கிப் போய், அந்தக் காலத்தில் நடந்தவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். டெங்கு, டைபாய்டு, கொரோனா போன்ற கடும் காய்ச்சல், அறுவை சிகிச்சை, பிரசவம், சோற்றையும் பருப்பையும் ஒரேயடியாகக் குறைத்துச் சட்டென எடையை இறக்கியது, வீட்டில் நேர்ந்த பெருந்துயரம், கருத்தடை மாத்திரையை நிறுத்தியது, வலிப்புக்கான வால்புரோயேட் அல்லது முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின் போன்ற மருந்தைத் தொடங்கியது ஆகியவற்றில் ஏதேனும் அந்தத் தாளில் இருந்தால், காரணம் பெரும்பாலும் கைக்கு வந்துவிட்டது. மருந்தே காரணம் என்று தோன்றினாலும் அதை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. வலிப்பு மருந்தைச் சட்டென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினால் தாய்க்கு முடி கொட்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. சிரிப்புக்கும் முடிக்கும் தொடர்பில்லை, ஆனால் அவர்கள் கவனித்த காலக்கணக்கு ஏறத்தாழச் சரியானது. கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் மிகுந்திருப்பதால் உதிர வேண்டிய முடிகள் உதிராமல் தங்கிவிடுகின்றன. பிரசவத்துக்குப் பின் அந்த அளவு இறங்கியதும் அவையெல்லாம் சேர்ந்து ஓய்வுக்குப் போய், குழந்தைக்கு இரண்டு முதல் நான்கு மாதம் ஆகும்போது உதிர்கின்றன. குழந்தையின் முதல் பிறந்தநாள் வாக்கில் பெரும்பாலான தாய்மார்களுக்கு முடி பழைய நிலைக்கு வந்துவிடும்.

இந்த வகை உதிர்வை இன்னொரு சோதனையாலும் அறியலாம். உதிர்ந்த முடி ஒன்றைக் கறுப்புத் துணிமேல் வைத்துப் பாருங்கள். ஒரு முனையில் ஊசிமுனை அளவுக்கு வெண்ணிற முடிச்சு ஒன்று தெரியும். “வேரோடு வந்துவிட்டது” என்று பலர் அஞ்சுவது இதைப் பார்த்துத்தான். உண்மையில் அது வேர் அன்று. ஓய்வை முடித்த முடியின் அடிப்பகுதி. மயிர்க்கால் தோலுக்குள்ளேயே பத்திரமாக இருக்கிறது. முடிச்சே இல்லாமல் இரு முனையும் நூல் அறுந்ததுபோல் இருந்தால், முடி உதிரவில்லை, நடுவே முறிந்திருக்கிறது. உப்பு மிகுந்த நீர், சூட்டுக் கருவியால் முடியை நேராக்குவது, நிறம் வெளுக்கச் செய்வது, ஈர முடியில் சிக்கெடுப்பது ஆகியவை முறிவைத்தான் உண்டாக்குகின்றன. அவற்றுக்கு மருந்து தேவையில்லை, பழக்கத்தை மாற்றினால் போதும்.

அதிர்ச்சிக்குப் பின் வரும் உதிர்வு பெரும்பாலும் 6 மாதங்களுக்குள் தானாக அடங்கும். இந்தக் காலத்தில் போதிய புரதமும் இரும்புச்சத்தும் உள்ள உணவே மருந்து. 6 மாதம் தாண்டியும் நிற்கவில்லை என்றால் வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

இரண்டாம் படி: எங்கே குறைகிறது என்று பார்ப்பது

உதிர்வது வேறு, அடர்த்தி குறைவது வேறு. சல்லடையில் அதிக முடி விழாமலே சிலருக்கு முடி மெலிந்து தலைத்தோல் தெரியத் தொடங்கும். ஆண்களுக்கு நெற்றியின் இரு ஓரங்களும் மேலேறி, உச்சியில் சொட்டை விழும். பெண்களுக்கு முன்நெற்றி வரிசை அப்படியே இருக்க, நடுவகிடு மட்டும் ஆண்டுக்கு ஆண்டு அகலமாகும். இதுவே பரம்பரை வழுக்கை. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனிலிருந்து உருவாகும் டி.எச்.டி. என்னும் பொருளுக்குப் பரம்பரையாக அதிகம் இணங்கும் மயிர்க்கால்கள், ஒவ்வொரு சுழற்சியிலும் சற்றே சுருங்கி, முன்னைவிட மெல்லிய, குட்டையான, நிறம் குன்றிய முடியை முளைப்பிக்கின்றன. ஆண்களின் நிலையை அளக்க மருத்துவர்கள் இன்றும் பயன்படுத்தும் படிநிலை, ஹாமில்டன் 1951இல் வகுத்து நார்வுட் 1975இல் விரிவாக்கியது. பெண்களுக்கானதை லுட்விக் 1977இல் வகுத்தார். வழுக்கை தாய்மாமனிடமிருந்து மட்டும் வருவதாகப் பரவலாக நம்பப்படுகிறது. தாய்வழிக்கு முக்கியப் பங்கு உண்டெனினும், தந்தைவழி மரபணுக்களும் அதில் சேர்கின்றன.

பெண்களில் வகிடு அகல்வதோடு மாதவிடாய் தவறுவது, முகத்தில் முடி வளர்வது, பரு ஆகியவையும் சேர்ந்திருந்தால், சினைப்பை நீர்க்கட்டி தொடர்பான பரிசோதனையும் அவசியம்.

நாணயம் வைத்தாற்போல் வட்டமாக, தோல் மழமழவென்று வெறுமையாகிவிடுவதை நாம் புழுவெட்டு என்கிறோம். பெயரில் புழு இருந்தாலும் அங்கே எந்தப் பூச்சியும் இல்லை. உடலின் எதிர்ப்பாற்றல் தவறுதலாக மயிர்க்கால்களையே தாக்குவதால் ஏற்படுவது அது, மற்றவருக்குத் தொற்றாது. ஒன்றிரண்டு வட்டங்கள் மட்டும் இருந்தால் பலருக்கு ஓராண்டுக்குள் தானாகவே முளைத்துவிடுகிறது. விரைவுபடுத்த வேண்டுமெனில் அந்த இடத்தில் ஸ்டீராய்டு மருந்தை 4 முதல் 6 வாரங்களுக்கு ஒருமுறை ஊசியால் செலுத்துவார்கள். தலை முழுவதும் பரவியவர்களுக்கு முன்பு நல்ல வழி இல்லாதிருந்தது. அமெரிக்காவில் பாரிசிட்டினிப் 2022லும், ரிட்லெசிட்டினிப் 2023லும் இதற்கென ஒப்புதல் பெற்றன. இவை எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகள் என்பதால், காசநோய் உள்ளிட்ட தொற்றுகளுக்கான பரிசோதனைக்குப் பின்னரே தொடங்கப்படுகின்றன. தோல் எரியும்வரை வெங்காயத்தையோ பச்சிலையையோ வைத்துத் தேய்க்கும் வழக்கத்தால் புண் உண்டாகி, அதில் சீழ் பிடிப்பதும் உண்டு.

பள்ளிக் குழந்தையின் தலையில் செதில் உதிரும் திட்டும், அதில் அடியோடு முறிந்த முடிகளும் தெரிந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். ஷாம்புவோ களிம்போ மட்டும் போதாது. வாய்வழி மருந்தைச் சில வாரங்கள் கொடுக்க வேண்டும், சீப்பையும் துண்டையும் வீட்டில் மற்றவர்கள் பகிரக் கூடாது.

இறுக்கிப் பின்னும் இரட்டைச் சடையாலும், உச்சியில் இழுத்துக் கட்டும் கொண்டையாலும் நெற்றியோர முடி குறைவது தனி வகை. தொடக்கத்திலேயே தளர்த்திவிட்டால் முடி திரும்பும். பல ஆண்டுகள் தொடர்ந்தால் திரும்பாது.

காத்திருக்கவே கூடாத நிலை ஒன்று உண்டு. முடி போன இடத்தில் எரிச்சல், வலி, சீழ்க்கொப்புளம், சிவப்பு இருந்தாலோ, தோல் பளபளத்து மயிர்க்கால் துளைகளே தெரியாமல் போனாலோ, அது தழும்பாகும் வகையாக இருக்கலாம். அங்கே அழிந்த மயிர்க்கால் எந்த மருந்துக்கும் மீளாது; எஞ்சியதைக் காப்பதுதான் சிகிச்சை. இவர்கள் நாட்காட்டியெல்லாம் பார்க்காமல் அந்த வாரமே தோல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

மூன்றாம் படி: மருத்துவரும் பரிசோதனையும்

போக வேண்டியது தோல் மருத்துவரிடம். தோல் மருத்துவத்தில் எம்.டி. அல்லது பட்டயம் பெற்றவரா என்பதைப் பெயர்ப்பலகையிலேயே பார்த்துக்கொள்ளலாம். “முடி நிபுணர்”, “டிரைக்காலஜிஸ்ட்” என்று மட்டும் போட்டுக்கொள்பவர் மருத்துவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் புறநோயாளிகள் பிரிவு உண்டு. கூட்டம் இருக்கும், ஆனால் அங்கே யாரும் உங்களுக்குச் சலுகைத் தொகுப்பு விற்க மாட்டார்கள்.

மருத்துவர் சுமார் 50 முடிகளை விரலிடுக்கில் பற்றி மெல்ல இழுத்துப் பார்ப்பார். ஐந்தாறுக்கு மேல் கையோடு வந்தால் உதிர்வு தீவிரமாக நடக்கிறது என்று பொருள். டெர்மாஸ்கோப் என்னும் உருப்பெருக்கியால் முடிகளின் பருமன் வேறுபாட்டைப் பார்த்தே பரம்பரை வழுக்கையைப் பெரும்பாலும் உறுதி செய்துவிட முடியும். இரத்தப் பரிசோதனை எல்லோருக்கும் தேவையில்லை. பரவலாக உதிர்பவர்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், தைராய்டு ஆகியவற்றைப் பார்ப்பார்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் தரைதட்டிக் கிடப்பது மாதவிடாயில் மிகுதியாக இரத்தம் போகும் பெண்களிடம் சாதாரணமாகக் காணப்படுவதால், ஹீமோகுளோபினோடு திருப்தியடைந்துவிடக் கூடாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. முடிக்கென்று விற்கப்படும் மாத்திரைகளில் பெரும்பாலும் பயோட்டின் என்ற வைட்டமின் மிகுதியாக இருக்கிறது. குறைபாடு இல்லாதவருக்கு அது முடியை வளர்க்கும் என்பதற்குத் தக்க சான்று இல்லை. போதாக்குறைக்கு, தைராய்டு பரிசோதனையையும் மாரடைப்பைக் கண்டறியும் டிரோப்போனின் பரிசோதனையையும் தவறாகக் காட்டச் செய்யக்கூடியது. அதை உட்கொள்பவர் இரத்தம் கொடுக்கும் முன் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

நான்காம் படி: மருந்தைத் தேர்வது

பரம்பரை வழுக்கைக்குச் சான்றுகள் வலுவாக உள்ளவை இரண்டு மருந்துகளே.

முதலாவது மினாக்சிடில். இரத்தக் கொதிப்புக்கான மாத்திரையாக இருந்த இதை உட்கொண்டவர்களுக்கு உடலெங்கும் முடி வளர்ந்ததைக் கவனித்துத்தான் தலையில் தடவும் திரவமாக்கினார்கள். அமெரிக்காவில் 1988இல் ஆண்களுக்கும் 1991இல் பெண்களுக்கும் அது ஒப்புதல் பெற்றது. ஆண்கள் பொதுவாக 5 விழுக்காட்டுத் திரவத்தை 1 மி.லி. வீதம் நாளுக்கு இருமுறையும், பெண்கள் 2 விழுக்காட்டை இருமுறையோ 5 விழுக்காட்டு நுரையை ஒருமுறையோ தடவுகிறார்கள். புதிதாகத் தொடங்குபவர்கள் தவறுவது தடவும் முறையில்தான். திரவம் முடிக்கல்ல, தோலுக்குப் போக வேண்டும். ஆகவே காய்ந்த தலையில் வகிடு பிரித்து, சொட்டு சொட்டாக விட்டு, விரல் நுனியால் பரப்பி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். எண்ணெய் வழியும் தலையில் தடவுவதும், தடவிய உடனே தலையணையில் சாய்வதும் மருந்தை வீணாக்கும். தலையணையில் பட்டது முகத்தில் ஒட்டி அங்கே முடி வளரவும் செய்யலாம்.

தொடங்கிய 2 முதல் 6 வாரங்களில் உதிர்வு முன்னைவிட அதிகமாகலாம். ஓய்விலிருந்த முடிகளைப் புது முடி தள்ளிக்கொண்டு வருவதன் அறிகுறி அது. சரியாக இந்த வாரங்களில்தான் பலர் பயந்து மருந்தைத் தூக்கி எறிகிறார்கள். பலனை 4 மாதத்துக்கு முன் எதிர்பார்க்க வேண்டாம். முழுமையாக மதிப்பிட ஓராண்டு வேண்டும். நிறுத்தினால் சில மாதங்களில் கிடைத்ததெல்லாம் போய்விடும் என்பதால், ஆண்டுக்கணக்கில் தொடர மனமும் பணமும் உண்டா என்று தொடங்கும் முன்பே யோசிப்பது நல்லது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் இதைத் தவிர்க்க வேண்டும். வீட்டில் பூனை இருந்தால் கூடுதல் கவனம் தேவை. சிறிதளவு நக்கினாலும் பூனைக்கு இது நஞ்சு. குறைந்த அளவு மாத்திரையாகவும் இப்போது சில மருத்துவர்கள் தருகிறார்கள். கால்வீக்கம், படபடப்பு வரக்கூடும் என்பதால் இதய நோயும் இரத்த அழுத்தமும் பார்த்த பிறகே அதைத் தொடங்க வேண்டும்.

இரண்டாவது ஃபினாஸ்டரைடு. டி.எச்.டி. உருவாவதைக் குறைக்கும் இந்த மாத்திரை, 1992இல் ஆண்களின் புராஸ்டேட் சுரப்பி வீக்கத்துக்கு 5 மி.கி. அளவிலும், 1997இல் ஆண்களின் வழுக்கைக்கு 1 மி.கி. அளவிலும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. உச்சியில் இருப்பதைக் காப்பாற்றுவதில் இது மினாக்சிடிலைவிட வலுவானது என்பது பொதுவான அனுபவம். சிறுபான்மையினருக்குப் பாலுணர்வு குறைவு, விறைப்புக் குறைவு, மனச்சோர்வு ஆகியவை ஏற்படலாம். மனச்சோர்வோ தற்கொலை எண்ணமோ தலைகாட்டினால் மாத்திரையை நிறுத்தி உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். புராஸ்டேட் புற்றுநோயைக் கண்டறிய இரத்தத்தில் பார்க்கும் பி.எஸ்.ஏ. அளவை இது ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துக் காட்டும் என்பதால், நடுவயது கடந்தவர்கள் அந்தப் பரிசோதனையின்போது இதைச் சொல்ல மறக்கக் கூடாது. கருவிலுள்ள ஆண் குழந்தையின் உறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கும் என்பதால், கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைக் கையால் தொடுவதுகூடத் தவறு. பெண்களுக்கு, கருத்தரிப்பைத் தவிர்க்கும் ஏற்பாட்டுடன், ஆண் ஹார்மோனின் செயலைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் என்ற மாத்திரை தரப்படுவதுண்டு.

நம் இரத்தத்திலிருந்து பிரித்த தட்டணுக்களைத் தலையில் ஊசியால் செலுத்தும் பி.ஆர்.பி. முறை சிலருக்குப் பயன் தருகிறது. ஆனால் இடத்துக்கு இடம் தயாரிப்பு முறை மாறுவதால் ஆய்வு முடிவுகளும் மாறுகின்றன. மேற்சொன்ன மருந்துகளோடு துணைக்கு வைத்துக்கொள்ளலாமே தவிர, முதல் செலவாக அதைச் செய்ய நான் சொல்ல மாட்டேன்.

ஐந்தாம் படி: முடி மாற்று அறுவை சிகிச்சை

இது புது முடியை உண்டாக்குவதில்லை, டி.எச்.டி.க்கு இணங்காத பிடரி முடியை எடுத்து முன்னால் நடுகிறது. பிடரியில் இருப்பு வரையறைக்கு உட்பட்டது என்பதை மறந்து, 22 வயதிலேயே நெற்றியோரத்தை நிரப்பிவிட்டால், 40 வயதில் அதன் பின்னால் வெறுமை விழும்போது நடுவதற்கு முடி இருக்காது. ஆகவே நல்ல அறுவை மருத்துவர், இளையவர்களை முதலில் மருந்தில் வைத்து, வழுக்கை எந்த வடிவில் போகிறது என்று பார்ப்பார். நட்ட முடி சில வாரங்களில் உதிர்ந்துவிடும். 3, 4 மாதத்தில் முளைக்கத் தொடங்கி, முழு உருவம் வர ஓராண்டு ஆகும். சுற்றியுள்ள பழைய முடியைக் காக்க அறுவைக்குப் பின்னும் மருந்தைத் தொடர வேண்டும்.

2016இல் சென்னையில் முடி நடச் சென்ற மருத்துவ மாணவர் ஒருவரே உயிரிழந்த செய்தி பலருக்கு நினைவிருக்கும். முறையான பயிற்சி பெற்ற மருத்துவர்களே இதைச் செய்ய வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. எனவே பணம் கட்டும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: மயிர்க்காலை எடுப்பதும் நடுவதும் யார் கையால் நடக்கும், அவருடைய மருத்துவப் பதிவு எண் என்ன, மயக்க மருந்தால் ஒவ்வாமை நேர்ந்தால் அந்த அறையிலேயே என்ன வசதி இருக்கிறது. விடை சொல்லத் தயங்கும் இடத்திலிருந்து முன்பணத்தை மிச்சப்படுத்திக்கொண்டு வந்துவிடலாம்.

எண்ணெயும் மொட்டையும்

தேங்காய் எண்ணெய் முடியிழைக்குள் ஊடுருவி, அலசும்போது புரதம் இழப்பதைக் குறைக்கிறது. அதனால் முறிவு குறையும். மயிர்க்காலை அது எழுப்பாது. பொடுகு உள்ளவர்கள் எண்ணெயை இரவு முழுவதும் ஊறவிட்டால் பொடுகு கூடவே செய்யும். அவர்களுக்குப் பூஞ்சையை அடக்கும் கீட்டோகோனசோல் ஷாம்பு பொருத்தம். குணமாக்குவதாக எந்த மருந்தும் உரிமை கோரக் கூடாத நோய்களைப் பட்டியலிடும், இந்திய மருந்து மற்றும் அழகுசாதனப் பொருள் விதிகளின் ஜே அட்டவணையில் வழுக்கையும் இருக்கிறது. “30 நாளில் முடி” என்ற விளம்பரத்தைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். பழனியிலோ திருப்பதியிலோ மொட்டை போட்டால் முடி அடர்த்தியாகும் என்பதும் அப்படித்தான்: வெட்டிய முனை மழுங்கி இருப்பதால் தடவும்போது தடிப்பாகத் தோன்றுகிறது, மயிர்க்கால்களின் எண்ணிக்கை மாறுவதில்லை. வேண்டுதலுக்காக முடி கொடுப்பது வேறு கணக்கு. நான் சொன்ன அந்த மூன்றாவது எண்ணெயை இன்றும் வாங்குகிறேன். சிக்கெடுக்க நன்றாகவே உதவுகிறது.

படம் எடுத்து வைப்பது

எந்தச் சிகிச்சையைத் தொடங்கினாலும் அன்றே நான்கு படங்கள் எடுத்து வையுங்கள்: நெற்றி, நடுவகிடு, உச்சி, பக்கவாட்டு. ஒரே சன்னல் ஓரத்தில், ஒரே நேரத்து வெளிச்சத்தில், காய்ந்த முடியில், வீட்டில் ஒருவரைக் கொண்டு ஒரே தொலைவிலிருந்து எடுக்கச் சொல்ல வேண்டும். விளக்கு மாறினாலே வகிடு அகன்றும் ஒடுங்கியும் தெரியும். அடுத்த படம் 3 மாதம் கழித்து. மாதத்துக்கு 1 செ.மீ. வளரும் ஒன்றை நாள்தோறும் கண்ணாடியில் அளந்து பார்ப்பதால் கழுத்துதான் வலிக்கும். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அந்தப் படங்களையும், முதல் படியில் எழுதிய தாளையும், இதுவரை உட்கொண்ட மாத்திரைகளின் அட்டைகளையும் ஒரே உறையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.